முந்திய கை

சண்டையில் முதல் அடி யார் கொடுத்தது என்பது பள்ளிக்கூட முற்றத்திலிருந்து நீதிமன்றக் கூண்டு வரை கேட்கப்படும் கேள்வியாகும். "அவன்தான் முதலில் கை நீட்டினான்" என்று நிறுவிவிட்டால் வழக்குத் தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். ஆனால், தான் முந்தாவிடில் தனக்கு அடி விழுவது உறுதி என்று மெய்யாகவே நம்பி ஒருவன் முந்தியிருந்தால், அவனை என்னென்பது? இக்கேள்வி ஓரிரவு இஷாத் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தது. அதற்கு நாம் உடனே ஒரு விடை சொன்னோம். அவ்விடை பிழையானது. இதை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

நாம் வாழ்வது ஓசூரில். பெங்களூர் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஜூஜுவாடியைக் கடந்தால் கர்நாடகம். எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது தொட்டு அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என ஆலைகள் பெருகின. அவற்றுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைகளும் பெருகின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் முன்பே கலந்தொலித்த வீதிகளில் இன்று இந்தியும் ஒரியாவும் சேர்ந்துகொண்டன. ஓர் அறைக்கு ஐவர் அறுவராகத் தங்கி உழைக்கும் வாலிபர் பலர். பிறமொழியில் இவர்கள் முதலில் கற்பது வசைச்சொற்களைத்தான். சம்பளம் வந்த மாலை மதுக்கடை வாசலில் அக்கல்வி அரங்கேறும்.

நம்மிடம் வந்தவர் தஞ்சைப் பக்கத்து இளைஞர். லேத் பட்டறையில் வேலை. நம் இரவு வகுப்பில் ஓதுபவர். மதுவை அவர் தீண்டியதில்லை. பின் அங்கே அவருக்கு என்ன வேலை என்று இதைப் படிக்கும் தாய்மார்கள் கேட்பார்கள். உடன் வேலை செய்பவர் குடித்துவிட்டுத் தகராறில் சிக்கிக்கொண்டு, வந்து அழைத்துப் போகும்படி தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறார். இவர் போனார். அங்கே அந்நியன் ஒருவன் கன்னடத்தில் ஏசிக்கொண்டே நெருங்கி வந்தான். வந்தவன் சட்டென்று வலக்கையை இடுப்புக்குப் பின்னே கொண்டு போனான். இவர் முந்திக்கொண்டு முகத்தில் ஒரு குத்து விட்டார். அவன் சாய்ந்து விழுந்ததில் கால்வாய்க் கல்லில் மண்டை உடைந்தது, எட்டுத் தையல். இடுப்பில் கத்தி இல்லை. கைப்பேசிதான் இருந்தது.

"ஹஜ்ரத், நான் முந்தினது ஹராமா?" என்று கேட்டார்.

"உயிருக்கு அஞ்சித்தானே அடித்தீர், தம்பி? அப்படியானால் குற்றமில்லை" என்றோம். அவர் முகம் தெளிந்தது. நமக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நம் விடை முற்றிலும் ஆதாரமற்றதன்று. தாக்க வருபவனை மார்க்கச் சட்ட நூல்கள் 'ஸாயில்' என்று அழைக்கின்றன. அவன் அடி விழும்வரை காத்திருக்க வேண்டும் என எந்த இமாமும் சொல்லவில்லை. நாட்டுச் சட்டமும் அவ்வாறே. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 102-ஆம் பிரிவில் வகுத்ததை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அப்படியே ஏற்றிருக்கிறது. தாக்கும் முயற்சியாலோ மிரட்டலாலோ ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எப்போது எழுகிறதோ அப்போதே தற்காப்புரிமை தொடங்கிவிடும். குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. இரவுப் பணி முடிந்து விடுதிக்குத் திரும்பும் பெண்ணை ஆளில்லாத சந்தில் ஒருவன் மறித்தால், அவள் கல்லெடுத்து முந்துவது அவளது உரிமை. மானத்தைக் காப்பதோ ஷாஃபிஈ மத்ஹபில் உரிமை மட்டுமன்று, கடமை. பொருளைக் காக்கப் போராடுவதை அவர்கள் கடமையாக்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

அப்படியாயின் நாம் பிழைத்தது எங்கே?

மறுநாள் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை எடுத்து 'ஸியால்' பகுதியைப் பிரித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிய பக்கம்தான். தாக்குபவனை எப்படித் தடுப்பது என்பதற்கு அங்கே ஒரு படிவரிசை இருக்கிறது. பேச்சாலோ கூக்குரலாலோ தடுக்க முடியுமானால் அடிப்பது ஹராம். கையால் முடியுமானால் சவுக்கு ஹராம். சவுக்கால் முடியுமானால் கம்பு ஹராம். இவற்றை மாணவர்கள் நெட்டுருவாகச் சொல்வர். நாம் மறந்திருந்தது அடுத்து வரும் விதியை: ஓடித் தப்ப வழியிருந்தால் ஓடுவதே கடமை, நின்று சண்டையிடுவது தடுக்கப்பட்டது என்பதே மத்ஹபின் முடிவு. ஓடுதல் கோழைத்தனம் என்று ஊர் சொல்லும். ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்தப் பேரறிஞர் அதை வாஜிபு என்கிறார்.

ஆகவே அந்த இளைஞரிடம் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "அஞ்சினீரா?" என்பதன்று. "பின்னால் வழி இருந்ததா?" என்பதே. இரண்டு நாள் கழித்துக் கேட்டோம். வெகுநேரம் தரையைப் பார்த்திருந்தார்.

"இருந்துச்சு, ஹஜ்ரத். ரோடு காலியாத்தான் கிடந்துச்சு. ஆனா எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்! அவருடைய கையை முந்தச் செய்தது அவன் இடுப்புக்குப் போன கை மட்டுமன்று. சுற்றி நின்ற நாற்பது கண்களுந்தான். அச்சமும் வெட்கமும் உள்ளத்துக்குள் ஒரே உருவில் வருகின்றன. இரண்டிலும் மார்பு படபடக்கிறது, இரண்டிலும் நா வறள்கிறது. அச்சத்துக்காக அடிக்க மார்க்கமும் சட்டமும் இடம் தருகின்றன. வெட்கத்துக்காக அடிக்க இரண்டும் இடம் தரவில்லை. ஆனால் அடித்தவன் திரும்பிப் பார்க்கையில், வெட்கத்தால் அடித்ததையும் அச்சத்தால் அடித்ததாகவே காண்கிறான். அவர் பொய் சொல்லி நம்மிடம் வரவில்லை. தமக்கே தெரியாததை நம்மிடம் எப்படிச் சொல்வார்? கேட்டறிய வேண்டியவர்கள் நாமே.

மூஸா (அலை) அவர்களின் வாலிபத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தோம். அல்கஸஸ் அத்தியாயத்தில் வருவது. நகரத்தார் அயர்ந்திருந்த வேளையில் அவர் நுழைகிறார். இருவர் சண்டையிடுகின்றனர். ஒருவன் தம் இனத்தவன், மற்றவன் எதிரிக் கூட்டத்தான். தம்மவன் உதவிக்கு அழைக்கிறான். மூஸா ஒரு குத்து விடுகிறார். 'வகஸ' என்பது அங்கே வரும் சொல். முட்டியால் குத்துவதைக் குறிக்கும். வாளுமில்லை, கொல்லும் நோக்கமுமில்லை. ஆனால் அவன் மாண்டான். ஒடுக்கப்பட்ட இனத்தவனுக்காக எழுந்த கைதான் அது என்று பரிந்துரைக்க நமக்கு ஆயிரம் நியாயங்கள் தோன்றும். அவரோ ஒன்றையும் சொல்லவில்லை. இது ஷைத்தானின் செயல் என்றார், தமக்குத்தாமே அநீதி இழைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினார். மறுநாள் அதே ஆள் வேறொருவனோடு மல்லுக்கு நின்று மீண்டும் அவரையே கூவி அழைக்கிறான். அப்போது மூஸா (அலை) கடிந்தது எதிரியை அன்று, அழைத்தவனை. நீ தெளிவான வழிகேடன் என்கிறார். நண்பனுக்காகச் சண்டைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாம் நாளைத்தான் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

வெறுங்கை தன் அளவை அறியாது. பஞ்சாபின் பாட்டியாலாவில் 1988 டிசம்பர் 27 அன்று, சாலை நடுவில் நின்ற வண்டியை முன்னிட்டு எழுந்த வாய்த்தகராறு கைகலப்பாக முற்றியது. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் கையடி தலையில் பட்ட 65 வயது முதியவர் இறந்தார். 1999-இல் விடுதலை, 2006-இல் உயர் நீதிமன்றத்தில் மூன்றாண்டுச் சிறை, 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் அபராதம் மட்டும். மறுசீராய்வில் 2022 மே 19 அன்று, உடல்வலி மிக்க ஒருவரின் கையும் ஆயுதமாகலாம் என்று கருதி, அதே நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. இருபத்தைந்து வயதில் வீசிய கைக்காக ஐம்பத்தெட்டு வயதில் சிறை சென்றார். நம் இளைஞரின் குத்தில் எட்டுத் தையலோடு நின்றது. கல் இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவரும் அறிவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திடீர்ச் சண்டையில் மரணம் நேர்ந்தால் அது கொலையா, கொலையாகாத மரணமா என்று பிரிக்கும் விதிவிலக்கில், ஆத்திரமூட்டியது எத்தரப்பு, முதலில் தாக்கியது எத்தரப்பு என்பது பொருட்டன்று எனச் சட்டமே விளக்கம் சேர்த்திருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, இருவர் ஏசிக்கொண்டால் பாவம் தொடங்கியவன் மீது என்றார்கள். ஆனால் அநீதிக்குள்ளானவன் வரம்பு மீறாத வரைதான் என்றும் சேர்த்தார்கள். அந்தப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் ஓதுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. சண்டையில் ஒவ்வொருவனுக்கும் தொடக்கம் எதிராளியிடமிருந்துதானே!

ஊர்களுக்கும் இந்நோய் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிக்காகப் பெங்களூரில் தமிழ் மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். சென்னையில் கன்னடருடைய உணவு விடுதி தாக்கப்பட்டது. 12-ஆம் தேதி பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. பேருந்து எல்லையைக் கடக்காததால், அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடிக்கு மக்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நடந்தே வந்தனர். தொடங்கியது யார் என்று எல்லைக்கு இப்பால் ஒரு விடை, அப்பால் ஒரு விடை. இரு விடைக்கும் சான்றாகப் படங்கள் கைப்பேசிகளில் இருந்தன.

அந்த இளைஞரிடம் நம் முதல் விடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். ஆலிம் என்று நம்பி வந்தவரிடம் அவசரப்பட்டுவிட்டோம் என்று சொல்வது எளிதாக இல்லை. அவர் சினக்கவில்லை. அடிபட்டவனின் அறையைத் தேடி அத்திப்பள்ளிக்குப் போய், மருத்துவச் செலவுக்கென்று நாலாயிரம் ரூபாய் நீட்டினார். அவன் இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தானாம். பேச மொழி போதாமல் இருவரும் சற்றுநேரம் அமர்ந்திருந்து எழுந்திருக்கின்றனர்.

அடுத்த மாதச் சம்பள நாளன்று அதே சக தொழிலாளி அதே கடையிலிருந்து மீண்டும் அழைத்தார். போவதா வேண்டாமா என்று நம்மைக் கேட்டார். மூஸா (அலை) அவர்களின் இரண்டாம் நாளைச் சொன்னோம். குடித்தவனை நள்ளிரவில் தெருவில் விட்டுவிடச் சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. சற்று யோசித்துவிட்டு, அவர் ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டு போனார். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஓட்டுநரை அனுப்பி அந்த ஆளை அழைத்து ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார்.