வாப்பாவின் கணக்கு

ஒரு வீட்டில் தகப்பனார் மவ்த்தாகி விட்டால் அவ்வீட்டாரின் நாவில் முதலில் வருவது அவருடைய நற்குணங்கள்தாம். வாப்பா எப்படி உழைத்தார்கள், எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எங்களைக் கொண்டு வந்தார்கள், யார் யாருக்கெல்லாம் உதவினார்கள் என்று மூன்றாம் நாள் வரையிலும், நாற்பதாம் நாள் வரையிலும் பேச்சு நடக்கும். இறந்தவர்களின் நன்மைகளையே எடுத்துச் சொல்ல வேண்டும், குறைகளைக் கிளறக் கூடாது என்பது நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஒழுக்கமல்லவா? அதில் நமக்கு மறுப்பேதும் இல்லை.

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஜனாஸாத் தொழுகைக்கு வரிசைகள் நின்றுவிட்ட நேரம். மூத்த மகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார். "எங்க வாப்பா யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தா எங்ககிட்ட வந்து வாங்கிக்குங்க. இல்லேன்னா அல்லாஹ்வுக்காக மாப்புச் செஞ்சிடுங்க" என்கிறார். வரிசைகளிலிருந்து ஒரு முனகல் எழுகிறது. மாப்புச் செய்துவிட்டோம் என்பது அதன் பொருள். தக்பீர் கட்டப்படுகிறது. எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த மூன்றாவது வரிசையில் ஒரு சிறு கடைக்காரரும் நிற்கிறார். எட்டு மாதங்களாக அந்த வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் கடனுக்குக் கொடுத்தவர். அவர் முனகினாரா, இல்லையா? முனகியிருந்தாலும் அவருடைய உள்ளம் முனகியதா? இத்தனை பேர் நடுவே, மய்யித்தை முன்னால் வைத்துக்கொண்டு, "எனக்கு வரவேண்டியது இருக்கிறது" என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்?

இந்த அறிவிப்பைச் செய்யக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அது நல்ல வழக்கம். அதன் வேர் ஆழமானது. கடன்பட்டு இறந்த ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் ஒதுங்கி நின்றார்கள் என்பதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அந்த மூன்று தீனாரைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள் என்பதும் நம்மில் பலர் குத்பாவில் கேட்ட செய்திதான். வெற்றிகள் வந்து பொருள் பெருகிய பிறகு, கடனுடன் இறப்போரின் கடனை நாயகம் (ஸல்) அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் கடன் ஒருவர் தலைமேல் ஏறியது. காற்றில் கரைந்து போய்விடவில்லை.

அப்படியானால், பிள்ளைகள் தந்தையை நினைப்பது என்றால் என்ன? அவருடைய புகழைப் பாதுகாப்பதா, அவருடைய கணக்கைத் திறந்து வைப்பதா? இரண்டும் ஒன்றுதான் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் ஒரு குடும்பத்தில் இவை இரண்டும் மோதும் நேரம் வரும். புகழ் ஓங்கி ஒலிக்கும் வீட்டில் கடன்காரர் வாய் திறக்கமாட்டார்.

ஸஹீஹுல் புகாரியிலே ஒரு நீண்ட செய்தி இருக்கிறது. ஹள்ரத் ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் மரணத்தையும், அதற்குப் பின் அவர்களுடைய மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் செய்ததையும் விவரிப்பது அது. நம் கேள்விக்கு அதைவிட நெருக்கமான செய்தி நமக்குத் தென்படவில்லை.

ஜுபைர் (ரலி) அவர்கள் யார்? சுவனத்திற்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். ஒவ்வொரு நபிக்கும் ஓர் அணுக்கத் தோழர் உண்டு, தமக்கு ஜுபைர் என்று நாயகம் (ஸல்) அவர்களாலேயே சொல்லப்பட்டவர்கள். பத்ரிலிருந்து எல்லாக் களங்களிலும் நின்றவர்கள். அஸ்மா (ரலி) அவர்களை மணந்தபோது அவர்களிடம் ஒரு குதிரையையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகத்தையும் தவிரச் சொத்து என்று ஏதும் இல்லை. அஸ்மா (ரலி) அவர்கள் தொலைவிலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்களாம். அவ்வளவு வறுமை. பின்னாளில் அவர்கள் பெரும் வணிகராகவும் நிலவுடைமையாளராகவும் ஆனார்கள். கவர்னர் பதவி வகித்ததில்லை, வரி வசூலித்ததில்லை என்று அந்தச் செய்தியிலேயே மகனார் எடுத்துச் சொல்கிறார்கள்.

தந்தை என்ற முறையிலும் அவர்களைப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 5-ல் அகழ்ப்போர் நடந்தபோது பெண்களும் குழந்தைகளும் ஒரு கோட்டையில் வைக்கப்பட்டிருந்தனர். அங்கிருந்த சின்னஞ்சிறு மகன், தந்தை குதிரையேறிப் பகைவரிடம் இரண்டு மூன்று முறை போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வந்ததும் அதை மகன் சொல்ல, "என்னைப் பார்த்தாயா?" என்று தந்தை ஆவலோடு கேட்டார்களாம். எந்தக் காலத்து வாப்பா இப்படிக் கேட்கமாட்டார்! ஹிஜ்ரி 15-ல் யர்மூக் களத்துக்கும் அந்த மகனை உடன் அழைத்துச் சென்று, குதிரைமீது ஏற்றி, காவலுக்கு ஒருவரையும் வைத்தார்கள். இளைய மகன் உர்வா அவர்கள், தந்தையின் தோளில் வாள் வெட்டு விட்டுச் சென்ற பள்ளத்தில் தாம் சிறுவயதில் விரல்களை விட்டு விளையாடியதை நினைவு கூர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தியாகிகளாய் இறந்த தோழர்களின் பெயர்களையே தேடித் தேடி வைத்தவர்கள் ஜுபைர் (ரலி) அவர்கள். ஹம்ஸா, ஜஅஃபர், முஸ்அப் என்ற பெயர்கள் அந்த வீட்டில் கூப்பிடப்பட்டன.

இப்படிப்பட்ட தந்தை ஹிஜ்ரி 36-ல் ஜமல் போர் நாளில் மகனை அருகில் அழைத்தார்கள். தாம் இன்று அநீதியாகக் கொல்லப்படுவோம் என்று தோன்றுவதாகச் சொன்னார்கள். அந்தப் போரின் வழக்குக்குள் நாம் போகவேண்டியதில்லை. நம் முன்னோர்கள் அங்கே நாவைக் கட்டிக்கொண்டார்கள், நாமும் கட்டிக்கொள்வோம். நாம் கவனிக்க வேண்டியது, மரணத்தின் வாசலில் அவர்கள் எதைப் பேசினார்கள் என்பதை. தம் கடனே தமக்குப் பெருங்கவலை என்றார்கள். சொத்தை விற்றுக் கடனைத் தீர்த்துவிடு என்றார்கள். முடியாமல் போனால் என் எஜமானிடம் உதவி கேள் என்றார்கள். மகனுக்குப் புரியவில்லை. யார் அந்த எஜமான் என்று கேட்டார்கள். அல்லாஹ் என்று பதில் வந்தது. பிற்காலத்தில் கடன் நெருக்கும்போதெல்லாம், ஜுபைருடைய எஜமானே, அவருடைய கடனைத் தீர்த்துவை என்று மகனார் துஆச் செய்வார்களாம். கடனும் தீரும்.

இவ்வளவு பெரிய மனிதருக்குக் கடன் எப்படி வந்தது? ஊதாரித்தனத்தால் அல்ல. மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக வைக்க அவர்களிடம் கொண்டுவருவார்கள். அமானிதமாக வேண்டாம், கடனாகத் தாருங்கள், காணாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன் என்பார்களாம். மார்க்கச் சட்டம் தெரிந்தவர்களுக்கு இதன் ஆழம் விளங்கும். அமானிதப் பொருள், வைத்திருப்பவரின் கவனக்குறைவு இல்லாமலேயே தொலைந்துவிட்டால் அவர் ஈடு தரவேண்டியதில்லை. கடன் அப்படியல்ல; என்ன ஆனாலும் திருப்பித் தந்தே ஆகவேண்டும். நஷ்டத்தின் பாரத்தை அவர்கள் தாமாகவே தம் தோள்மீது மாற்றிக்கொண்டார்கள். கடனாக வாங்கிய பணத்தை வியாபாரத்தில் இறக்கலாம், இலாபமும் ஹலால் என்ற வணிகரின் கண்ணும் அதில் இருந்தது. இருந்தால் என்ன? அதனால் அதன் சிறப்புக் குறைந்துவிடாது.

கணக்குப் பார்த்தால் கடன் 22 லட்சம். ரொக்கமாகத் தீனாரோ திர்ஹமோ அவர்கள் விட்டுச் செல்லவில்லை. இருந்தவை நிலங்களும், மதீனாவில் 11 வீடுகளும், பஸராவில் இரண்டும், கூஃபாவில் ஒன்றும், மிஸ்ரில் ஒன்றும்.

பெரியவாப்பா முறையான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியில் சந்தித்து, என் சகோதரருக்குக் கடன் எவ்வளவு என்று விசாரித்தார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு லட்சம் என்றார்கள். அந்த ஒரு லட்சத்துக்கே சொத்துப் போதாதே என்று அவர் வருந்திய பின்புதான், 22 லட்சம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று உண்மையைத் திறந்தார்கள். இந்த இடத்தில் நாம் சற்று நின்றோம். மகன் தந்தையின் கடனைக் குறைத்துச் சொன்னது சரிதானா? ஒரு லட்சமும் 22 லட்சத்தில் அடக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மறைத்தார்கள் என்பதே உண்மை. அதில் தவறில்லை என்றே நமக்குப் படுகிறது. கேட்டவர் கடன்காரர் அல்லர், அக்கறையுள்ள உறவினர். அவரிடம் தந்தையின் மானத்தை மறைப்பதால் எவருடைய ஹக்கும் கெடவில்லை. கடன் கொடுத்தவரிடம் ஒரு காசையும் மறைக்கவில்லை. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது: உறவினரிடம் வாப்பாவின் கஷ்டத்தை ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லி உதவி பெறுகிறோம், கடன்காரர் வந்தால், எங்களுக்கு எதுவும் தெரியாது, சீட்டு இருக்கிறதா என்கிறோம்.

பின்பு அல்ஙாபா நிலம் விற்பனைக்கு வந்தது. தந்தை 1,70,000-க்கு வாங்கிய அந்த நிலத்துக்கு மகன் 16 லட்சம் மதிப்பிட்டார்கள். ஜுபைரிடம் யாருக்கேனும் ஹக்கு இருந்தால் அல்ஙாபாவுக்கு வந்து எம்மைச் சந்திக்கட்டும் என்று அறிவித்தார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வரவேண்டியது நான்கு லட்சம். நீங்கள் விரும்பினால் விட்டுவிடுகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று பதில் வந்தது. சரி, கடைசியாகத் தாருங்கள் என்றார்கள். அதுவும் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் நிலத்தில் ஒரு பகுதியைத் தாருங்கள் என்று கேட்க, இங்கிருந்து அதுவரை உங்களுக்கு என்று அளந்து கொடுக்கப்பட்டது.

மாப்புக் கேட்காமலே மாப்பு வாசல் தேடி வந்தது. கொடுத்தவரோ வள்ளல் குணத்துக்குப் பெயர் பெற்றவர். ஆனாலும் மகன் ஏற்கவில்லை. இயலாதவர்கள் மன்னிப்பைக் கேட்பதும் ஏற்பதும் ஆகும், அதில் இழிவில்லை. வீடும் தோப்பும் வங்கியில் பணமும் இருக்கும்போதே வரிசையில் நின்று மாப்புக் கேட்கிறோமே, அதைத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடன்கள் தீர்ந்தன. சகோதரர்கள் வந்து பாகத்தைப் பிரித்துத் தரச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. வாரிசுரிமை குர்ஆன் கொடுத்த உரிமை. அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆகிய வசனங்கள் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகு பங்கு என்கின்றன. தெரிந்த கடன் தீர்ந்துவிட்டதல்லவா? ஆனால் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஜுபைரிடம் கடன் உள்ளவர் எவராயினும் வரட்டும், கொடுத்துவிடுகிறோம் என்று கூவியழைத்தார்கள். மிஸ்ரிலும் ஈராக்கிலும் இருப்போருக்குச் செய்தி எட்ட அன்று ஹஜ்ஜை விட்டால் வேறு வழி ஏது? நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே பங்கு பிரித்தார்கள். நான்கு மனைவியரில் ஒவ்வொருவருக்கும் 12 லட்சம் கிடைத்தது. (அந்தச் செய்தியில் வரும் மொத்தத் தொகையை இந்தப் பங்கோடு கூட்டிப் பார்ப்பவர்களுக்குக் கணக்கு உதைக்கும். ஹதீஸ் விரிவுரையாளர்கள் அதைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.)

எல்லோரும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா? அப்படி நாம் சொல்லமாட்டோம். விதவையும் சிறு பிள்ளைகளும் அடுப்பெரிக்க வழியில்லாமல் இருக்கும் வீட்டில், கடன்காரர் வரலாம் என்று சொத்தை மூத்தவர் பூட்டி வைத்திருப்பது அநீதியாகவே முடியும். கடன்காரரைச் சாக்காக வைத்துத் தங்கைகளின் பங்கை ஆண்டுக்கணக்கில் தராமல் அனுபவிக்கும் அண்ணன்மார் நம் ஊர்களில் இல்லையா? ஜுபைர் (ரலி) அவர்களின் மகன் அந்த நான்கு ஆண்டுகளும் ஊரெல்லாம் கேட்கக் கூவிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அவர்களை முன்மாதிரி காட்டக் கூடாது. காத்திருப்பதல்ல, தேடுவதுதான் அவர்கள் செய்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது எப்படி? அப்துல்லாஹ் (ரலி) சொல்ல, தம்பி உர்வா கேட்டு, அவர் மகன் ஹிஷாம் வழியாக வந்தது. தோள் தழும்பைச் சொன்ன அதே குடும்பம் 22 லட்சம் கடனையும் சொன்னது. பேரப்பிள்ளை வரை சொன்னது.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சென்ற ஆண்டு பெரியவர் மவ்த்தானார். இளமையில் பட்டாளத்தில் இருந்து, பின்பு ஜவுளிக்கடை வைத்தவர். மக்கள் கடைக் கணக்கைப் பார்த்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அலமாரியின் அடியில் ஒரு பழைய நோட்டு அகப்பட்டது. முழுவதும் அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. பிள்ளைகள் எவருக்கும் படிக்கத் தெரியவில்லை. உம்மா இத்தாவில் இருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார்கள். பெரும்பாலானவை அடிக்கப்பட்டிருந்தன. அடிக்கப்படாத மூன்று வரிகள் இருந்தன. இரண்டு பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒருவருடைய பேரன்தான் வாங்கிக்கொண்டார். மூன்றாவது வரியில், வளையல்காரருக்கு 60 ரூபாய் என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. எந்த ஊர் வளையல்காரர் என்று உம்மாவுக்கும் நினைவில்லை. இளைய மகன் சந்தைக்குப் போகும்போதெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.