மெல்ல ஊதிப் பார்த்தல்

பிக்கலோ டிரம்பெட் ஒரு கைக்குள் அடங்கிவிடும். சாதாரண பி-ஃபிளாட் டிரம்பெட்டின் குழாயை நீட்டிவைத்தால் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக வரும். இதற்கு அதில் பாதிதான். அதனால் ஒரு ஸ்தாயி மேலே பேசும். பழையது ஒன்று விலைக்கு வருகிறதென்று பார்க்கப் போகிறவர்கள், பெட்டியைத் திறந்ததும் பெரும்பாலும் மூச்சை நிறைய இழுத்து, எட்டுகிற உச்ச ஸ்வரத்தை ஊதிவிடுவார்கள். மனசு சொக்கிப்போகும். அந்த நிமிஷமே வாங்கியாயிற்று. பிறகு செய்கிற சோதனையெல்லாம், எடுத்த முடிவுக்குச் சாட்சி தேடுகிற வேலை.

ஆசை முந்திக்கொண்டால் காது மந்தமாகிவிடும். தியானத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். அனுபவம் வேண்டுமென்று உட்கார்கிறவருக்கு, அது வந்துவிட்டதாகவே தோன்றும்.

விவரம் தெரிந்தவர்கள் உடனே ஊதமாட்டார்கள். தங்கள் மவுத்பீஸைக் கையோடு கொண்டுபோவார்கள். (சில பிக்கலோக்களில் மவுத்பீஸ் செருகும் வாய் கார்னெட் அளவுக்குச் சிறுத்திருக்கும், முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.) பிஸ்டன்களை ஒவ்வொன்றாக உருவி, முலாம் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். கீழ் ஸ்வரங்களுக்கான நாலாவது வால்வு அதிகம் புழங்காமல் இறுகிக் கிடக்கலாம். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை இழுத்து, பிறகு அழுத்தினால், காற்றுக் கசியாத கருவி 'டப்' என்று சொல்லும். மவுத்பீஸை அடுத்த குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போயிருக்கிறது என்று அர்த்தம். முன்பு ஊதியவரின் ஈரமூச்சு உள்ளிருந்து அரித்தது அது. எத்தனை மெருகு போட்டாலும் போகாது.

அப்புறம்தான் ஊதுவது. நடு ஸ்வரம் ஒன்று, நீளமாக, கேட்டும் கேட்காமலும் இருக்கிற அளவுக்கு மெல்ல. ஓங்கி ஊதினால் குறைகள் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மெல்ல ஊதும்போது ஒளிய இடமில்லை. சுருதி பார்க்கிற ட்யூனரையும் ஊதிய பிறகே பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தானாக வளைந்துகொடுத்து, கருவியின் தப்பை மூடிவிடும்.

பிக்கலோ இருந்தால் எந்த உயரத்தையும் எட்டிவிடலாம் என்ற மயக்கம் ஒன்று பாக்கியிருக்கிறது. லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் பாக்கின் இசைக்கு டிரம்பெட் ஊதிய கோட்ஃப்ரீட் ரைஷே, 1734 அக்டோபரில் பாக்கின் படைப்பொன்றை வாசித்த மறுநாள் இறந்துபோனார். அந்தக் காலத்து டி சுருதி டிரம்பெட்டுக்கு வால்வு கிடையாது. குழாய் ஏழடிக்கு மேல். அத்தனை நீளக் குழாயில் மேல் ஸ்வரங்கள் நெருக்கியடித்து நிற்கும். உதடு இம்மி பிசகினால் பக்கத்து ஸ்வரம் வந்துவிடும். குட்டைக் குழாயில் அதே உயரத்தில் ஸ்வரங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. குறிதவறாமல் பிடிக்கலாம். பிக்கலோ தருகிற உதவி அவ்வளவே. பெரிய டிரம்பெட்டில் எட்டாத உயரத்தை இது எட்டித் தராது. பலம் கூட்டினாலோ குழாய் அடைத்துக்கொண்டது போலாகிவிடும். இது கேட்பது கொஞ்சம் காற்று, ஆனால் அறுபடாத காற்று. மூச்சு நீண்டு நுண்மையாக வேண்டும் என்பது பதஞ்சலியின் யோகசூத்திரத்திலும் இருக்கிறது. இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு பிக்கலோவை உலகமறியச் செய்த பிரெஞ்சுக்காரர் மொரிஸ் ஆந்த்ரேயின் (1933–2012) பதிவுகளில் உச்ச ஸ்வரம் சாவகாசமாக வந்து உட்காருகிறது. ஏறிய களைப்பே அதில் இல்லை.

விற்கிறவர் சம்மதித்தால் ஒரு வாரம் வாங்கிவைத்திருக்கலாம். தேவாலயத்திலோ கூடத்திலோ நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து ஊதிக் காட்டுங்கள். அவருக்கு விலையும் தெரிய வேண்டாம், உங்கள் ஆசையும் தெரிய வேண்டாம். புதுமோகம் தணிந்து, உதடும் சோர்ந்திருக்கிற ஒரு சாயங்காலம் மறுபடி எடுத்து, அந்த நடு ஸ்வரத்தை மெல்ல ஊதிப் பாருங்கள். அப்போதும் சரியாகப் பேசினால், விலை பேசலாம்.