எடுக்க வருகிறவர் யார்?

ஓய்வுக் காலத்தை வெளிநாட்டில் போய்க் கழிப்பது என்ற பேச்சை, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு சேந்தமங்கலத்தில் நான் கேட்டதில்லை. பிள்ளைகள் சிங்கப்பூர், மெல்போர்ன் என்று போனார்கள். பெற்றவர்கள் கொல்லிமலையைப் பார்த்தபடி இங்கேயே இருந்தார்கள். இப்போது ரிட்டயர் ஆன வாத்தியார், லாரியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர், கோழிப்பண்ணையை மகன் பொறுப்பில் விட்டவர் என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்கிறார்கள். "தாய்லாந்துல எட்டு லட்சம் போட்டு வெச்சா வருஷம் பூரா இருக்கலாமாமுங்க, நெசங்களா?" கூட்டுறவு வங்கியின் டெபாசிட் கவுன்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். அந்தத் தகுதியில்தான் கேள்வி என்னிடம் வருகிறது.

நெசம்தான். ஐம்பது வயது நிரம்பியவரைத் தாய்லாந்து ஓராண்டு தங்கவிடுகிறது, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கு அந்நாட்டு வங்கியில் அவர் பெயரில் எட்டு லட்சம் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 வருமானம் காட்ட வேண்டும். இரண்டும் பாட் கணக்கு. எட்டு லட்சம் பாட் நம் பணத்தில் இருபது லட்சத்தைத் தாண்டும். கேட்டவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

மீதிப் பேருக்கு விதியைச் சொல்கிறேன். மனுப் போடும் முன் இரண்டு மாதம் அந்தப் பணம் கணக்கில் கிடக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் மூன்று மாதம் தொடக் கூடாது. அதற்கப்புறம் பாதி வரை எடுக்கலாம், நாலு லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த வருஷம் புதுப்பிக்கப் போகும்போது மறுபடி எட்டு லட்சம் நிற்க வேண்டும். பிந்தைய கெடுபிடி 2019இல் வந்தது. விசாவுக்கு ஸ்டேட்மென்ட் காட்டுவதற்காகப் பைனான்ஸில் வாங்கி, கணக்கில் போட்டு, பத்தாம் நாள் திருப்பிக் கொடுத்தவர்கள் நம் பக்கம் உண்டு. அந்த வித்தை அறிந்தவர்தான் இந்த விதியை எழுதியிருக்க வேண்டும். நூற்றுக்கு ரெண்டு வட்டி என்றாலும் இருபது லட்சத்துக்கு ஐந்து மாத வட்டி ரெண்டு லட்சம். அதைக் கட்டி யாரும் வேஷம் போட மாட்டார்கள்.

மலேசியா இன்னும் பெரிய இடம். 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்ற திட்டத்தை 2002 முதல் நடத்துகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் ஒன்றரை லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகை காட்டினால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 2021இல் அதைப் பத்து லட்சம் ரிங்கிட் ஆக்கினார்கள். மாத வருமானமும் பத்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் ரிங்கிட்டுக்குத் தாவியது. ஏற்கெனவே அங்கே வீடு வாங்கிக் குடியேறியிருந்தவர்கள் அலறினார்கள். பழையவர்களுக்குப் புதுத் தொகை இல்லை என்று அரசு இறங்கி வருவதற்குள் எத்தனை பேர் தூக்கம் கெட்டார்களோ! 2024இல் மறுபடி மாற்றி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரி பிரித்தார்கள். வெள்ளிக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்பு, போதாததற்கு அங்கே வீடும் வாங்க வேண்டும். அறுபது வயதில் ஒரு நாட்டை நம்பிப் போகிறவருக்கு அந்த நாடு எழுபது வயதில் என்ன கேட்கும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதித் தருவதில்லை.

ஆஸ்திரேலியாவில் பிள்ளையோடு நிரந்தரமாகத் தங்கப் போகும் பெற்றோர் கதை வேறு. கட்டணம் கூடுதலாகக் கட்டும் விசா வகையில் பிள்ளையோ வேறொருவரோ பொறுப்பேற்று, ஒருவருக்குப் பத்தாயிரம் டாலர், கூடவரும் இன்னொருவருக்கு நாலாயிரம் டாலர் என வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அது பத்தாண்டு முடங்கிக் கிடக்கும். அதற்குள் பெற்றவர் அரசாங்க உதவித்தொகை எதையாவது வாங்கிவிட்டால் அரசு அந்தப் பணத்திலிருந்து வசூலித்துக்கொள்ளும். வரிசையே பத்தாண்டைத் தாண்டி நீள்கிறது என்பது தனி வேதனை. ஆனால் இந்த ஆஸ்திரேலிய விதியில் ஒரு நேர்மை இருக்கிறது. மற்ற நாடுகள் பூசி மெழுகுவதை இது வெளிப்படையாகச் சொல்கிறது: உன் அப்பாவும் அம்மாவும் எங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது, அதற்கு ஜாமீன் கொடு.

எல்லா வைப்புத்தொகைக்கும் அர்த்தம் இதுதான். டெபாசிட் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் அதைத் தங்கள் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆயுள் முழுக்க அப்படித்தான் பழகியிருக்கிறோம். மகள் கல்யாணத்துக்கு, ஆபரேஷனுக்கு, கடைசிக் காலத்துக்கு என்று போட்டு வைத்தது டெபாசிட். விசாவுக்குப் போடுவது அந்த நாட்டின் பாதுகாப்பு. கணக்கு உங்கள் பேரில் இருக்கும், சாவி அவர்கள் கையில் இருக்கும். அவசரத்துக்கு எடுத்தால் அடுத்த வருஷம் தங்க முடியாது. தங்க வேண்டுமென்றால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை எந்த அரசும் கணக்குப் போடத்தான் செய்யும்.

கவுன்ட்டரில் இருந்தபோது நான் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். போட வருகிறவர் பெரும்பாலும் ஆண். எடுக்க வருகிறவர் பெரும்பாலும் அவர் மனைவி. சடங்கெல்லாம் முடிந்து, தம்பியையோ மருமகனையோ துணைக்கு அழைத்துக்கொண்டு, மஞ்சப்பையில் ரசீதோடு வந்து நிற்பார். "இதெல்லாம் அவங்கதான் பாத்துக்குவாங்க, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்பார். நாமினி எழுதியிருந்தால் மரணச் சான்றிதழ், ஆதார், ஒரு கையெழுத்து. எழுதாமல் விட்டிருந்தால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டும். இத்தனைக்கும் உள்ளூர், தெரிந்த முகம், தமிழில் படிவம். 2025 நவம்பரிலிருந்து ஒரு வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டமே திருத்திவிட்டார்கள்.

தாய்லாந்தில் அந்தப் பணம் விண்ணப்பிக்கிறவரின் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அவர் கண் மூடினால் வங்கி கணக்கை நிறுத்திவிடும். நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமித்து, அவர் வழியாகத்தான் பணம் வெளியே வரும். தாய் மொழி எழுத்தைப் பார்த்தால் கோலம் போலத் தெரிகிற ஓர் அம்மாள், கணவரை அடக்கம் செய்த கையோடு, அந்த ஊர் வக்கீலைத் தேட வேண்டும். அதே சமயம் அவர் தங்கியிருந்ததே கணவரின் அனுமதியை ஒட்டித்தான் என்றால் நாட்டில் இருக்கும் உரிமையும் சேர்ந்து ஆட்டம் காணும். அங்கேயே உயில் எழுதி வைத்தால் சிக்கல் குறையும். கேட்க வந்தவர்களில் ஒருவர்கூட உயிலைப் பற்றிக் கேட்டதில்லை. கடற்கரை எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டார்கள்.

பணத்தை இங்கிருந்து கொண்டுபோவதும் லேசில்லை. ஒரு நிதியாண்டில் ஒருவர் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விடுகிறது. அந்த வரம்பும் நிலையானதல்ல. 2013இல் ரூபாய் சரிந்தபோது ஒரே அறிவிப்பில் 75,000 டாலருக்கு இறக்கி, பிறகு மெல்ல ஏற்றினார்கள். படிப்பு, மருத்துவம் அல்லாத காரியத்துக்கு அனுப்பினால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் இருபது சதவீதம் வரியாகப் பிடித்து வைக்கிறார்கள். இருபத்திரண்டு லட்சம் அனுப்பினால் ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் கூடுதலாகக் கையில் வேண்டும். ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும், வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதே இருபது லட்சத்தைச் சேந்தமங்கலம் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். விசாவுக்காகக் கிடக்கும் பணத்துக்கு அங்கே கிடைப்பது சொற்ப வட்டி. போதாக்குறைக்குச் செலாவணி வேறு. 1997இல் தாய்லாந்தின் பாட் ஆறே மாதத்தில் டாலருக்கு எதிரே பாதி மதிப்பை இழந்தது.

இந்த ஊர்க்காரரிடம் அவ்வளவு ரொக்கம் எங்கே இருக்கிறது? மேட்டாங்காட்டில் மண்ணாக இருக்கும். வீட்டம்மாள் கழுத்தில் இருக்கும். சீட்டில், பங்காளிக்குக் கொடுத்த கைமாத்தில், மகன் வாங்கிய போர்வெல் வண்டியில் இருக்கும். இந்தச் சொத்து எதையும் அந்நிய நாட்டு அதிகாரி கணக்கில் எடுக்க மாட்டார். ஊரில் பத்துப் பேர் மதிக்கும் மனுஷன், வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஏழை. எனவே வீட்டை விற்கலாமா, கடைசித் துண்டு நிலத்தைக் கொடுத்துவிடலாமா என்ற யோசனை வருகிறது. நம்மூர் சந்நியாசிக் கரட்டில் கோயில் கொண்டிருக்கும் அவதூத சுவாமிகள் கோவணத்துணிகூட வேண்டாமென்று வாழ்ந்தவர் என்பார்கள். எதுவும் இல்லாமல் வாழும் திடம் அவருக்கு இருந்தது. நமக்கு அது இல்லை. ஆகவே இருக்கும் வீட்டை விடக் கூடாது என்பதே என் கட்சி.

போகிறவர்களை நான் தடுப்பதில்லை. மாதப் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது, இங்கே வீடு நிற்கிறது, மருத்துவத்துக்கு என்று ஒரு தொகை தனியே இருக்கிறது, இவை போக இருபத்தைந்து லட்சம் சும்மா கிடக்கிறது என்பவர் தாராளமாகப் போகலாம். ஐம்பது வருஷம் உழைத்தவருக்குக் கடலோரத்தில் உட்கார ஆசை வந்தால் அதில் தப்பென்ன? மகனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஏக்கத்தை வட்டிக் கணக்குப் போட்டு அளக்கவும் கூடாது. ஆனால் அந்தத் தொகையை எதையாவது விற்றுத் திரட்ட வேண்டியிருக்கிறது என்றால், அந்த வாழ்க்கை உங்களுக்கானதல்ல. இதை முகத்துக்கு நேரே சொல்வதால் எனக்குச் சில சிநேகிதங்கள் போயிருக்கின்றன. பரவாயில்லை.

அப்படியும் ஆசை விடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே முப்பது நாள் போய் வருகிறார்கள். முதலில் அப்படிப் போய், சுற்றிப் பார்க்காமல், ஒரு வாடகை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு இருந்து பாருங்கள். திரும்பி வந்தபின் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, போடப்போகும் பணத்தைத் தான் ஒற்றையாக நின்று எப்படி வெளியே எடுப்பது என்று அவரையே வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியும் வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.