ஊசிக்குப் பின்னால் ஒரு பெயர்

காலடிப்பேட்டை துணியால் பிறந்த ஊர். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆளுநரின் பெயர் திரிந்தேனும் நிலைத்தது. அந்தத் தறிகளுக்கு நூல் நூற்ற பெண்களின் பெயர் நிலைக்கவில்லை.

இன்று நம் பெண்கள் ஐ.டி.ஐ.யின் ஓராண்டு டிரஸ் மேக்கிங் பயிற்சிக்கோ ஃபேஷன் டிசைனிங் பட்டயப் படிப்புக்கோ போனால் வீட்டில் பெரும்பாலும் தடுப்பதில்லை. ‘நாளைக்கு வீட்டிலிருந்தே தைக்கலாம்’ என்ற கணக்கு அந்தச் சம்மதத்துக்குள் இருக்கிறது. கையில் தொழிலைக் கொடுத்துவிட்டு வாசலைச் சாத்துவது விடுதலையா?

திரைத்துறையில் நடந்ததைப் பாருங்கள். மும்பையின் உடை, ஒப்பனை, சிகையலங்காரக் கலைஞர்கள் சங்கம் பெண்களைச் சிகையலங்காரத்துக்கு மட்டும் சேர்த்துக்கொண்டது. ஒப்பனைக் கலைஞர் அட்டையை மறுத்தது. ஆண்களின் பிழைப்பு கெடுமாம். முறையாகப் பயின்ற சாரு குரானா வழக்காடினார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. அதுவரை அவருக்கு இல்லாதிருந்தது திறமையல்ல, அனுமதி.

தமிழில் தையல் என்றால் பெண் என்றும் பொருள். தைப்பது பெண்ணின் இயல்பு, இயல்புக்கு எதற்குக் கூலி என்று உலகம் எளிதாக நினைத்துவிடுகிறது. ஆகவே அளவெடுக்கவும் வெட்டவும் கற்றுத்தரும் வகுப்பு, கூலியை வாய்விட்டுக் கேட்கவும், சங்கத்தில் சேரவும், செய்த வேலையில் தன் பெயரைப் போடச் சொல்லவும் கற்றுத்தர வேண்டும். அதைச் சொல்லித்தராத பயிற்சி, இன்னும் நேர்த்தியாகத் தைக்கும் பெயரற்ற கைகளைத்தான் உருவாக்கும்.