வாளுக்கு முன் ஒரு தயக்கம்

1

இரவு ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து வரும் கம்பெனி பஸ் மத்தூரில் என்னை இறக்கிவிடும்போது பாதிதான் விடிந்திருக்கும். டீக்கடையில் பாய்லர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் கழியும் அந்த நேரம் மட்டும் எனக்கே எனக்கு. இந்த வாரம் மூன்று விடியல்களில் வெற்றிமாறனின் 'விசாரணை'யை செல்போனில் மறுபடி பார்த்து முடித்தேன்.

2016 பிப்ரவரியில் படம் வந்தபோது தியேட்டரில் பார்த்திருக்கிறேன். அன்று என் மனதில் நின்றது அடி மட்டும்தான். பல இடங்களில் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை அடிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டேன். காக்கிச் சட்டை போட்ட ஒவ்வொருவரிடமும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவருடையது இன்னொருவருடையதோடு ஒத்துப்போகவில்லை.

2

கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், 1983இல் குண்டூரில் தான் பட்டதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். படத்தின் முதல் பாதி அதிலிருந்து பிறந்தது. பிழைக்கப் போன இடத்தில் பூங்காவில் படுத்துத் தூங்குகிற பாண்டியும் நண்பர்களும், ஒரு பெரிய வீட்டில் நடந்த கொள்ளைக்காகப் பிடிபடுகிறார்கள். மேலிடம் நெருக்குகிறது, கேஸ் முடிந்தாக வேண்டும். அங்கிருக்கும் அதிகாரிக்கு யார் திருடினான் என்பதைவிட யார் ஒப்புக்கொள்வான் என்பதே கவலை. மொழி தெரியாத, கேட்க நாதியில்லாத நான்கு பேர் அவருக்கு வாகாகக் கிடைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் தெலுங்கு பக்கத்து வீட்டு மொழி. கன்னடம் வேலைக்குப் போகிற இடத்து மொழி. அதனால் மொழி தெரியாமல் நிற்பவனின் பயம் எங்களுக்குச் சுலபமாக மறந்துபோகிறது. இன்று அந்தப் பயத்தோடு சிப்காட் கேட்டில் நிற்பவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள்.

3

நீதிமன்றக் காட்சியில் நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. பிடிபட்டவர்களுக்குத் தெலுங்கு வராது. வேறொரு வேலையாக அங்கே வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் மொழிபெயர்க்கிறார். சமுத்திரக்கனி அந்த வேடத்துக்காக தேசிய விருது வாங்கினார். முத்துவேல் எடுத்துச் சொன்ன வார்த்தைகளால் நான்கு பேரும் விடுதலையாகிறார்கள்.

வெளியே வந்ததும் முத்துவேல் அவர்களிடம் ஓர் உதவி கேட்கிறார். சரணடைய வந்திருக்கும் ஓர் ஆடிட்டரை வளைத்துப் பிடித்துத் தூக்கிவர வேண்டும். இப்போதுதான் உயிர் மீண்டவர்கள் எப்படி மாட்டேன் என்பார்கள்? போகிறார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறார்கள், ஸ்டேஷனைக் கழுவிச் சுத்தம் செய்யச் சொன்னதும் செய்கிறார்கள். கேட்கக் கூடாத பேச்சு அங்கேதான் அவர்கள் காதில் விழுகிறது.

நீதிமன்றம் கொடுத்த விடுதலை அவர்களுக்கு உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டும். ஒரு மனிதரின் தயவாக அது கைக்கு வந்தது. அதனால் கடனாக மாறியது. அந்தக் கடன் அவர்களை இரண்டாவது லாக்கப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

4

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கிறது. நானும் ஒருமுறை அப்படி மொழிபெயர்த்திருக்கிறேன்.

சிப்காட் பக்கம் ஒரு மெஸ். கல்லாவில் வைத்திருந்த போனைக் காணவில்லை. கடைசியாகச் சாப்பிட்டுவிட்டுப் போன ஒடிசாப் பையனை நாலு பேர் பிடித்து வந்து சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் கற்ற இந்தி எனக்குக் கொஞ்சம் உண்டு. "நீங்களே கேளுங்கண்ணா" என்றார் மெஸ்காரர்.

கேட்டேன். சாப்பிட்டேன், காசு கொடுத்தேன், போனேன் என்றான். பிறகு குரல் தழைந்து இன்னொன்றும் சொன்னான்: "பின்னால் கத்தினார்கள், பயந்து ஓடினேன் பையா." முதல் மூன்றையும் தமிழில் சொன்னேன். கடைசியை விழுங்கிவிட்டேன். ஓடினான் என்ற ஒரு சொல் போதும், அங்கே நின்ற கைகள் ஓங்கிவிடும் என்று எனக்குத் தெரியும்.

கால் மணி நேரம் கழித்துக் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து போன் அடித்தது. சார்ஜ் போட்ட இடத்திலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. மெஸ்காரர் பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் கலைந்தார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் முகம் எனக்குப் பிடித்துப்போனது. பிடிக்காமல் போயிருந்தால்? எனக்கு வேலைக்கு நேரமாகியிருந்தால்? இந்தி வரவே வராதிருந்தால்? அந்தக் கால் மணி நேரம் ஒருவனுடைய உடம்பு என் வாய்க்குள் இருந்தது. அப்படி ஒரு பொறுப்பை யாரும் என்னிடம் கொடுத்திருக்கக் கூடாது.

5

படத்தின் இரண்டாம் பாதியில் நியாயங்கள் நேருக்கு நேர் மோதுகின்றன. பிடித்து வந்தவனிடமிருந்து எவ்வளவு கறக்கலாம் என்று பார்க்கிறவருக்கு ஒரு நியாயம். துறைக்கும் ஆட்சிக்கும் பங்கம் வரக் கூடாது என்கிற மேலதிகாரிக்கு ஒரு நியாயம். சொன்னதைச் செய்கிறோம், பிள்ளைகுட்டிக்காரர்கள் என்கிறவர்களுக்கு ஒரு நியாயம். முறைப்படி போகலாம் சார் என்கிறவர் முத்துவேல் ஒருவர்தான்.

அவர் நல்லவர். நல்லவராக இருந்துகொண்டே ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார். ஆடிட்டர் காவலில் சாகிறார், அது தற்கொலையாக மாற்றப்படுகிறது, முத்துவேல் அங்கேதான் இருக்கிறார். சாட்சிகளாகிவிட்ட பையன்களைத் தீர்த்துக்கட்ட முடிவாகும்போதுதான் அவருக்குக் கை வரவில்லை. அதற்குள் தாமதமாகிவிட்டது. அவரையும் சுட்டுவிடுகிறார்கள்.

6

இந்தத் தயக்கம் தமிழுக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலர்களைக் கோவலனிடம் அழைத்துப் போகிறான். பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்குப் பட்டுவிடுகிறது: இவன் கொல்லத் தக்கவன் இல்லை. உடனே பொற்கொல்லன் கள்வர் கையாளும் எட்டு வழிகளை அடுக்கி, களவு நூல் பேசுகிறான். ஓர் இளம் காவலன் இருட்டில் தன் கையிலிருந்து தப்பிய கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி, விட்டுவிட்டால் அரசன் நம்மைத்தான் வருத்துவான் என்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே படிப்பறிவில்லாத ஒருவன், கள் மயக்கத்தில், வாளை ஓங்கிவிடுகிறான்.

பள்ளியில் இதைப் படித்தபோது நாங்கள் பாண்டிய மன்னனைப் பற்றியே பேசினோம், அந்த முதல் காவலர்கள் எங்கள் கண்ணில் படவில்லை. அவர்கள் கண்டது சரி. சொல்லவும் சொன்னார்கள். ஆனால் சந்தேகம் எழுந்தால் வாள் உறைக்குள் போக வேண்டும் என்று அங்கே ஒரு கட்டளை இருக்கவில்லை. கோவலனும் பிழைக்கப் போன ஊரில் கேட்க நாதியில்லாமல் நின்றவன்.

7

2012 பிப்ரவரி 23 அதிகாலை சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி ஐந்து வட மாநிலத்து ஆண்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்கள் குற்றவாளிகளா என்று எந்த நீதிமன்றமும் கேட்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. அன்று காலை டீக்கடையில் பலர் சந்தோஷப்பட்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

போலீசிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்றது 1872இன் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே வைத்திருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், குற்றம்சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான்.

முன்பெல்லாம் இவற்றைப் போலீசின் கையைக் கட்டிப்போடும் கயிறுகள் என்று நினைத்தேன். இப்போது வேறாகத் தெரிகிறது. இவை கோவலனைப் பார்த்துத் தயங்கிய காவலர்களுக்குக் கிடைக்காமல் போன பலம். நல்லவர் பணியில் இல்லாத நாளிலும் இவை பணியில் இருக்க வேண்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிபட்டுச் செத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட்டிடம், அன்றிரவு பார்த்ததைச் சொன்னவர் அதே ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி. பயந்துகொண்டே சொன்னார், கையெழுத்தும் போட்டார். முத்துவேலின் மனதுக்குள்ளேயே நின்றுபோன ஒன்று, இவரிடத்தில் காகிதத்தில் ஏறியது. ஏறுவதற்கு எதிரே ஒரு மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார்.

8

மத்தூரிலிருந்து ஊத்தங்கரை போய், அங்கிருந்து அரூர் பக்கம் போனால் வாச்சாத்தி. 1992இல் எங்கள் ஊரும் அந்த ஊரும் ஒரே தர்மபுரி மாவட்டம். அந்த வருடம் ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள்.

மலைவாழ் மக்கள் சங்கம் துணை நின்றது. நீதிமன்றம் ஏறியபின் வழக்கு சிபிஐக்குப் போனது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். 2023இல், அதே செப்டம்பர் 29ஆம் தேதி, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

269 என்ற எண்ணை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதுண்டு. அத்தனை பேரில் யாருக்காவது கால் கூசியிருக்கும். கூசிய கால் யாரையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றத் தவறியதற்கு விடையாக அந்தப் பெண்கள் 19 வருடம் நின்றார்கள், செய்தவர்களை விரல் நீட்டிக் காட்டினார்கள். கிடைத்த தீர்ப்புக்காக எந்த அதிகாரியின் தயவுக்கும் அவர்கள் கைகூப்ப வேண்டியதில்லை.

9

அந்த ஒடிசாப் பையனை இப்போதும் சில காலைகளில் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் பெஞ்சிலிருந்து எழுந்துவிடுகிறான். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையும் கூப்புகிறான். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப் பார்க்கிறான். வேண்டாம்ப்பா, உட்கார் என்கிறேன். உட்கார மாட்டேன் என்கிறான்.

அவன் திருடவில்லை. அதனால் அன்று அவன் போனான். அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும். நான் வரும்போதும் அவன் உட்கார்ந்தபடியே டீ குடிக்கிற ஒரு காலையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.