தலையசைத்தால் சம்மதமா?

நபி (ஸல்) அவர்கள் இறுதியாக நோயுற்றிருந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை அன்னை ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். புஹாரியில் அது பதிவாகியுள்ளது. வீட்டிலிருந்தோர் நபியவர்களின் வாயோரமாக மருந்தை ஊற்ற முனைந்தனர். 'லதூத்' என்பது அம்முறைக்குப் பெயர். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தென்றால் வெறுப்பிருக்கத்தானே செய்யும் என்று எண்ணி அவர்கள் ஊற்றிவிட்டனர். சற்றுத் தெளிந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள். தாம் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டிலிருந்த எல்லோருக்கும் அதே மருந்தை ஊற்றும்படி பணித்தார்கள். அவ்வேளை அங்கிருக்காத அப்பாஸ் (ரழி) அவர்களுக்கு மட்டுமே விலக்கு.

நமது பயான்களில் இந்த ஹதீஸ் அதிகம் வருவதில்லை. வைத்தியபீடம் செல்லும் நம் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே கேட்டிருக்க வேண்டியது இது. மருந்து ஊற்றியவர்கள் அந்நியரல்லர்; அவர் மீது உயிரையே வைத்திருந்தவர்கள். நோயாளியின் மறுப்பை நோயின் ஒரு குணமாகக் கருதி ஒதுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். மறுப்போ ஒரு சைகையாக மட்டுமே இருந்தது.

இனி மலையகத்துக்கு வருவோம். அங்கே சிக்கல் தலைகீழாக இருக்கிறது. ஹற்றன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிரசவத்துக்கு வரும் பெண் வேண்டாம் என்று சைகைகூடக் காட்டமாட்டாள். எதைக் கேட்டாலும் தலையசைப்பாள். "சரிங்க ஐயா" என்பாள். கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் துரையிடமும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகிய சொல் அது. 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதற்கு மேல் அதில் பொருள் இருக்கவேண்டுமென்பதில்லை. சிங்களத்தில் கேட்கும் வைத்தியருக்கும் தமிழில் பதில் சொல்லும் அவளுக்கும் நடுவே பல வேளைகளில் நிற்பவர் ஒரு சிற்றூழியர். நிரந்தரமானது, மீளப் பெறுவது கடினம், வேறு வழிகளும் உண்டு என்றெல்லாம் வைத்தியர் சொல்வது, "இனிப் பிள்ளை போதும்தானே?" என்று சுருங்கி அவளை வந்தடையலாம். பிரசவ வலியில் கிடக்கும் எந்தத் தாய்தான் போதும் என்று சொல்லமாட்டாள்?

எல்.ஆர்.டி. எனப்படும் நிரந்தரக் கருத்தடை பற்றித்தான் சொல்கிறேன். நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப்புறப் பெண்களிடையே இது நெடுங்காலமாக மிக அதிகம். 1980களில் இச்சத்திரசிகிச்சைக்கு உடன்படுவோருக்கு அரசு 500 ரூபாய் வரை கொடுத்தது. நாட்கூலிக் குடும்பத்துக்கு அது சிறிய தொகையல்ல. பிரசவ விடுமுறைச் சட்டத்திலும் ஒரு ஓரவஞ்சனை இருந்தது. முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாள், அதற்கு மேல் 42 நாள்தான். 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தோட்டச் சுகாதார ஊழியர்கள் பெண்களை எவ்வாறு நெருக்கி இச்சிகிச்சைக்கு அனுப்பினார்கள் என்பதை மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் 'இந்தியன் அந்த்ரோபொலஜிஸ்ட்' ஆய்விதழில் எழுதினார். கருப்பையைத் திருடுதல் என்ற பொருள்படத் தலைப்பிட்டிருந்தார். கடுமையான தலைப்புத்தான்.

வைத்தியர் பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும். இரத்தசோகை தோட்டங்களில் சாதாரணம். சாப்பாட்டோடு குடிக்கும் பிளேன்டீயே உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரத்தம் குறைந்த தாய் பிரசவத்தில் பெருகும் இரத்தப்போக்கைத் தாங்கமாட்டாள். மூன்றாவது முறையும் வயிற்றைக் கீறியவளுக்கு அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி பழைய தழும்பில் ஊன்றிக்கொள்ளும் ஆபத்து அதிகம். இவளை இன்னொரு முறை மேசையில் காண நேரக்கூடாது என்று அவர் அஞ்சுவது நியாயமே. ஆனால் அந்த அச்சத்தை அவளிடம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். அவளுக்குப் பதிலாகத் தீர்மானிக்கும் உரிமையை அது கொடுத்துவிடாது. முப்பது வயதுக்குள் செய்துகொண்டவர்களே பிற்பாடு அதிகம் வருந்துகிறார்கள் என்பதையும் மகப்பேற்று மருத்துவம் அறிந்தே வைத்திருக்கிறது.

நமது ஃபிக்ஹு இதைத் தொடாமல் விடவில்லை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவன் நட்டத்துக்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸ் பலருக்கும் தெரியும். இமாம் இப்னுல் கையிம் 'ஸாதுல் மஆத்' நூலில் அதை விரிக்கும்போது, திறமையான வைத்தியர் அனுமதியின்றி வெட்டி, அதனால் சேதம் நேர்ந்தால் என்ன என்று கேட்கிறார். தம் மத்ஹபினர் அவரைப் பொறுப்பாளி என்றே கூறுவதாகச் சொல்கிறார். நன்மை நாடியவர் என்பதால் பொறுப்பு இல்லாதிருக்கவும் இடமுண்டு என்று தம் கருத்தையும் சேர்க்கிறார். இமாமின் மேதைமைக்கு முன் நாம் யார்? ஆனாலும் என் மனம் முந்திய கருத்தின் பக்கமே சாய்கிறது. லதூத் ஊற்றியவர்களும் நன்மை நாடியவர்களே. நிரந்தரக் கருத்தடை நமக்கு ஹராமா என்பது வேறு விவாதம். அவசியம் இருந்தாலன்றிக் கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. அந்தத் தோட்டத்துப் பெண்ணோ பெரும்பாலும் முஸ்லிம் அல்லள். அதனால் இந்த அமானிதம் குறைந்துவிடாது.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. சிங்களத் தாய்மாரை அவர்களறியாமல் மலடாக்கினார் என்ற பழியோடு குருநாகல் வைத்தியர் ஷாபி 2019 மே 24ஆம் திகதி கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் அறிவித்தது. ஜூலை 25இல் பிணையில் வந்தார். 2022இல் நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை, நாடு மருந்தின்றித் தவித்த அந்நேரத்தில், மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். சம்மதமற்ற கருத்தடை எத்தனை கொடியது என்று அந்த வாரங்களில் நாடே பேசியது. தோட்டத்துப் பெண்களைப் பற்றிய பழைய கேள்வியை அந்த இரைச்சலில் யாரும் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை.

மலையக வைத்தியசாலைகளுக்கு நியமனம் பெற்றுப் போகும் நம் இளம் வைத்தியருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஏழு மாதக் கிளினிக்கிலேயே அவளிடம் பேசலாம். ஊசியும் லூப்பும் உண்டென்று விளக்கலாம். வீட்டில் கதைத்துவிட்டு அடுத்த கிளினிக்கில் வந்து சொல் என்று அனுப்பிவைக்கலாம். அவள் வந்து "வேணாங்க" என்று சொன்னால், அதையும் அவளது கிளினிக் அட்டையில் எழுதிவைக்கலாம்.