எங்கே குடியேறுவது?



அடுத்த மாதம் குடும்பத்தோடு கனடா செல்லும் ஒரு சகோதரர், "ஹஜ்ரத், எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? பள்ளிவாசல் பக்கம் வாடகை அதிகமாம்" என்று கேட்டார்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மனைவியையும் பச்சிளம் பாலகரையும் பயிர்பச்சை இல்லாத மக்கா பள்ளத்தாக்கில் குடியமர்த்தினார்கள். அவர்கள் கேட்ட துஆவின் வரிசையைப் பாருங்கள். முதலில் தொழுகை. அடுத்து, அன்பு காட்டும் மனிதர்கள். அதன் பிறகே உணவு. நாமோ சம்பளம், வாடகை, கடைத்தெரு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் பள்ளிவாசலை விசாரிக்கிறோம். நம் ஈமான் உறுதியாக இருக்கலாம். ஜமாஅத்தையே பார்க்காமல் வளரும் நம் பிள்ளையின் நிலை?

பக்கத்தில் வீடெடுக்க வசதி இல்லையா? கலங்காதீர்கள். மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா குலத்தாரை, பள்ளிக்கு வரும் ஒவ்வொரு காலடிக்கும் நன்மை பதிவாகிறது என்று கூறி, இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆனால் அவர்கள் தூரத்திலிருந்தும் நடந்து வந்தவர்கள்! ஆகவே, பள்ளிவாசலுக்குப் போய்வரும் வழியைப் பார்த்த பிறகே வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

நம் சந்ததிகளைத் தொழுகையாளிகளாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.